லைக்கனும் பைன் மரமும், ஒரு பழைய வவுச்சரும்

(நமது குடியிருப்பின் பொங்கல் விழா மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பலர் கேட்டுக்கொண்டதால் செய்திமடலுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



"பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்க சார்" என்று செயலாளர் சொன்னபோது, மூத்த குடிமக்கள் டெபாசிட் வட்டியைப் பற்றிப் பேசுவேன் என்றுதான் அவர் எதிர்பார்த்திருப்பார். 34 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? ஆனால் நான் இன்று பேசப்போவது இரண்டு உயிர்களைப் பற்றி. ஒன்று பாறையில் ஒட்டி வளரும் ஒரு லைக்கன். இன்னொன்று அமெரிக்க மலையுச்சியில் வளரும் ஓர் ஊசியிலை மரம். நான் பி.காம். படித்தவன். தாவரவியலுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திதான் இதில் என்னை இழுத்துவிட்டாள்.

பள்ளியில் அவளுக்கு ஒரு புராஜெக்ட். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு உயிர்களை எடுத்து ஒப்பிட வேண்டும். ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் லைக்கன், வலது பக்கம் பைன் மரம் என்று எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டு பத்தி, நடுவில் கோடு. பற்று, வரவு மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது.

முதலில் லைக்கன் என்றால் என்ன? அம்மாக்களுக்கு அது தெரியும், பெயர்தான் வேறு. பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் தாளிக்கிறீர்களே, கல்பாசி, அது ஒரு லைக்கன்தான். பாசி என்று பெயர் இருந்தாலும் அது வெறும் பாசி இல்லை. ஒரு பூஞ்சையும், பச்சையம் உள்ள ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பாசி வெயிலை வைத்துச் சமைக்கிறது. எங்கள் மொழியில் சொன்னால் ஜாயின்ட் அக்கவுன்ட். 1867-ல் சுவிட்சர்லாந்துக்காரரான சைமன் ஷ்வெண்டனர் என்ற தாவரவியலாளர் இதைச் சொன்னபோது, லைக்கன் ஆராய்ச்சியில் பெரிய பெயர் எடுத்தவர்களே ஏற்க மறுத்தார்கள். ஒரே உயிர் என்று காலமெல்லாம் எழுதி வைத்த கணக்கில் இரண்டு பெயர் இருக்கிறது என்றால் யாருக்குத்தான் உடனே மனசு வரும்?

என் பேத்தி எடுத்துக்கொண்ட லைக்கனின் அறிவியல் பெயர் ரைசோகார்ப்பான் ஜியோகிராஃபிகம். மஞ்சள் கலந்த பச்சையில் திட்டுத் திட்டாக இருக்கும். ஒவ்வொரு திட்டைச் சுற்றியும் கறுப்பாக ஒரு விளிம்பு. பக்கத்துப் பக்கத்தில் நாலைந்து வளர்ந்தால் மாநில எல்லைகள் போட்ட வரைபடம் மாதிரி தெரியும். அதனால் வரைபட லைக்கன் என்று பெயர். ஆல்ப்ஸ் மலையிலும் வடதுருவத்தை ஒட்டிய நாடுகளிலும் வெறும் பாறைமேல் வளர்வது. வேர் கிடையாது, இலை கிடையாது.

வலது பக்கம் இருப்பது பிரிசில்கோன் பைன். அதன் காயின் செதில் நுனியில் சின்ன முள் நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். கொடைக்கானல் பைன் காட்டில் நாம் நின்று போட்டோ எடுக்கிறோமே, அந்த மாதிரி நெடுநெடுவென்று இருக்காது. கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில், சுமார் 3,000 மீட்டருக்கு மேலே, சுண்ணாம்புச் சத்து மிகுந்த வெளுத்த மண்ணில், முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி நிற்கும். அரிசோனா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் எட்மண்ட் ஷுல்மன் 1957-ல் அங்கே ஒரு மரத்தில் பென்சில் கனத்துக்குத் துளை போட்டு, உருவி எடுத்த குச்சியில் வளையங்களை எண்ணினார். 4,700-க்கு மேல் வந்தது. மெத்துசேலா என்று அந்த மரத்துக்குப் பெயர். அடுத்த வருஷம் ஜனவரியில் ஷுல்மன் காலமாகிவிட்டார், வயது ஐம்பதுகூட ஆகவில்லை. மரம் இன்றும் இருக்கிறது. எந்த மரம் அது என்று அங்கே பலகை வைக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது கோட்டுக்கு இரண்டு பக்கமும் பார்ப்போம்.

வளர்ச்சியில் இரண்டும் ரொம்ப மெதுவு. அந்த லைக்கன் பொதுவாக வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த வேகத்தில், நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பாறையில் ஒட்டியிருந்தால், நான் ரிட்டயர் ஆன அன்றும் ஒரு ரூபாயைத் தொட்டிருக்காது. பைன் மரமும் அப்படித்தான். நூறு வருஷத்தில் ஓர் அங்குலம்கூடப் பருக்காத மரங்கள் உண்டு. அதன் ஊசி இலைகளில் சில 30, 40 வருஷம் உதிராமல் இருக்கும். புது இலை போடும் செலவு மிச்சம்.

வசதியான இடத்தில் இருந்தால் இன்னும் அதிக காலம் வாழுமோ என்று நானும் நினைத்தேன். இல்லையாம். அந்தப் பைன் மரங்களிலேயே, கொஞ்சம் நல்ல மண்ணில் நிற்பவை சீக்கிரம் வளர்ந்து, சீக்கிரம் போய்விடுகின்றன. மெதுவாக வளர்வதால் கட்டை இறுகி, பிசின் ஏறிக் கெட்டியாகிறது. பூச்சியும் பூஞ்சையும் எளிதில் உள்ளே போக முடிவதில்லை.

கஷ்ட காலத்தை இரண்டும் கடக்கும் வழிதான் வேறு. லைக்கன், ஈரம் இல்லாவிட்டால் காய்ந்து சருகாகி எல்லா வேலையையும் நிறுத்திவிடும். செத்துவிட்டதா என்றால் இல்லை. செயல்படாக் கணக்கு என்று வங்கியில் வைத்திருப்போமே, அது மாதிரி. பணம் அப்படியே இருக்கும், வரவு செலவு இருக்காது. ஒரு தூறல் பட்டால் மறுபடி உயிர் வரும், கே.ஒய்.சி. படிவம்கூடக் கேட்பதில்லை. 2005-ல் ஒரு ரஷ்ய விண்கலத்தில் இதே வரைபட லைக்கனை அனுப்பி, ஏறக்குறைய 15 நாள் விண்வெளியில் காற்றில்லாத வெளியில் வைத்துப் பார்த்தார்கள். திரும்பி வந்து தண்ணீர் பட்டதும் பழையபடி தன் வேலையைத் தொடங்கியது.

பைன் மரத்தால் அப்படிக் கணக்கை முடக்கி வைக்க முடியாது. அது என்ன செய்கிறது தெரியுமா? கிளைகளை மூடுகிறது. இங்கே சிரிக்கும் வங்கி நண்பர்களுக்குப் புரியும். வேரில் ஒரு பகுதி போய்விட்டால், அந்த வேர் ஊட்டி வந்த தண்டும் கிளையும் மட்டும் பட்டுப்போகும். மீதி இயங்கும். பல ஆயிரம் வருஷ மரங்களில் முக்கால்வாசி வெறும் காய்ந்த கட்டை. ஒரு பக்கம் கீற்று மாதிரிப் பட்டை மட்டும் உயிரோடு இருந்து, மேலே ஒரு கொத்துப் பச்சையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்க்கும் யாரும் பட்ட மரம் என்றுதான் சொல்வார்கள்.

அடுத்தது வயது. பைன் மரம் தன் கணக்கைத் தானே எழுதுகிறது. வருஷத்துக்கு ஒரு வளையம். நல்ல மழை பெய்த வருஷம் அகலமாக, வறண்ட வருஷம் மயிரிழையாக. அதுதான் லெட்ஜர். சில மோசமான வருஷங்களில் சில இடத்தில் வளையமே விழாது. அதனால் ஒரு மரத்தை மட்டும் எண்ணி முடிவு சொல்லமாட்டார்கள். பக்கத்து மரங்களின் வளையத்தோடு வைத்துச் சரிபார்ப்பார்கள், நாங்கள் இரண்டு புத்தகங்களை வைத்து டேலி பார்ப்பதுபோல. செத்து விழுந்தும் மக்காமல் கிடக்கும் பழைய கட்டைகளின் வளையங்களையும் இப்படிக் கோத்துக் கோத்து, 8,000 ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போகும் ஒரே தொடர் கணக்கு தயாராகியிருக்கிறது. அகழாய்வில் கிடைக்கும் பொருள்களின் வயதைக் கார்பன் முறையில் கணிக்கிறார்கள் அல்லவா? அந்தக் கணிப்பில் பல நூறு ஆண்டு பிழை இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் இந்த மரங்களின் வளையத்தை வைத்துத்தான். அதன் பிறகு ஐரோப்பாவின் பல பழைய கல் சின்னங்களின் வயது முன்னுக்குப் போய்விட்டது.

லைக்கனுக்கு வளையம் கிடையாது. அதற்கு லெட்ஜர் இல்லை, மதிப்பீடுதான். பத்திரம் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டு விலையை வைத்து மதிப்புப் போடுவதில்லையா, அந்த வழி. தேதி வெட்டிய கல்லறைக் கல்லில் வளர்ந்திருக்கும் லைக்கனை அளப்பார்கள். கல் வைத்து இத்தனை வருஷம், லைக்கன் இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு விகிதம் கிடைக்கும். அதை வைத்து, பனிப்பாறை உருகிப் பின்வாங்கியபோது விட்டுப்போன கற்குவியலில் உள்ள ஆகப் பெரிய லைக்கனை அளந்தால், அந்த இடத்தை விட்டுப் பனி எப்போது போனது என்று ஓரளவு சொல்லலாம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ரோலண்ட் பெஷல் 1950-ல் இந்த முறையை எடுத்துச் சொன்னார். துருவத்துப் பக்கம் உள்ள சில வரைபட லைக்கன்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு வயது இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடு என்பதால் கூடக் குறைய இருக்கும்.

ஆக இரண்டுமே பதிவேடுகள். ஒன்றைப் படிக்க எண்ணத் தெரிய வேண்டும், இன்னொன்றைப் படிக்க அளக்கத் தெரிய வேண்டும். இரண்டையும் சுரண்டிப் போட்டுவிட்டால் மறுபடி எழுத முடியாது.

பலகை ஏன் வைக்கவில்லை என்றேனே, அந்தக் கதை இதுதான். 1964 ஆகஸ்டில், கலிபோர்னியாவுக்கு அடுத்த மாநிலமான நெவாடாவில், வீலர் சிகரத்தில், டொனால்ட் கரி என்ற ஆராய்ச்சி மாணவர் பழைய காலத் தட்பவெப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தார. அங்கே ஒரு பழைய பிரிசில்கோன் மரம். அந்த மலைக்குப் போய் வந்தவர்கள் அதற்கு புரொமீதியஸ் என்று பெயரே வைத்திருந்தார்கள். துளை போட்டுப் பார்ப்பதோடு ஏன் நிற்கவில்லை என்பதற்குப் பல விதமாகச் சொல்கிறார்கள். வெட்டினார்கள் என்பது மட்டும் நிச்சயம். திருட்டுத்தனமாக இல்லை. வனத்துறையிடம் முறையாக அனுமதி வாங்கி வெட்டினார்கள். காகிதத்தில் எல்லாம் சரி. பிறகு உட்கார்ந்து எண்ணினார்கள். 4,862 வளையம் வரை எண்ணியிருக்கிறார்கள். அன்றைக்கு உலகத்தில் வயது தெரிந்த மரங்களில் அதுதான் மூத்தது என்று வெட்டிய பிறகு தெரிந்தது. எகிப்தில் பெரிய பிரமிடு கட்டத் தொடங்கியபோது அந்த மரத்துக்கு முந்நூறு வயதுக்கு மேல்.

வங்கியில் தப்பான என்ட்ரி போட்டால் மறுநாள் எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்யலாம். சிவப்பு மையில் எழுதி, அதிகாரி கையெழுத்து வாங்கினால் முடிந்தது. நானே எத்தனையோ போட்டிருக்கிறேன். மரத்துக்கு எதிர்ப்பதிவு கிடையாது.

இந்த இடம் வரை பேத்தி படிக்கப் படிக்க நான் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள், "அப்புச்சி, நம்ம காம்பவுண்டிலேயே லைக்கன் இருக்கு, வாங்க காட்டறேன்" என்று கூப்பிட்டாள். கையெழுத்துச் சரிபார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். சி பிளாக் பின்னால் இருக்கும் மாமரத்தின் தண்டைக் காட்டினாள். சாம்பலும் வெளிர் பச்சையுமாக வட்ட வட்டத் திட்டுகள், ஓரம் மடிப்பு மடிப்பாக. கண்ணாடியில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2014-ல் நான் இந்தச் சங்கத்தின் பொருளாளர். பி பிளாக் வாசலில் அப்போது ஒரு மாமரம் இருந்தது. பழையவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்டு முழுக்க இதே திட்டு. மரம் வெட்டும் ஆள் வந்து பார்த்து, "இது வெள்ளை நோய்ங்க, உள்ள அழுகியிருக்கும், கார் மேல விழுந்தா யார் பொறுப்பு?" என்றார். கமிட்டி கூடி, நோயுற்ற மரத்தை அகற்றுவது என்று தீர்மானம் எழுதினோம். 6,500 ரூபாய். வவுச்சரில் கையெழுத்து என்னுடையது. தீர்மானம், கொட்டேஷன், ரசீது எல்லாம் நம்பர் போட்டு ஃபைலில் இருக்கிறது. ஆடிட்டில் ஒரு கேள்வி வரவில்லை.

மரத்தை அறுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அடி முதல் நுனி வரை பொந்து இல்லை, அழுகல் இல்லை. அறுத்தவரே கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல கட்டைங்க என்றார். இந்த இடம் முன்பு யாருடைய தோட்டமாக இருந்ததோ, அந்த அம்மா அப்போது பி பிளாக் தரைத்தளத்தில் இருந்தார். மூத்த மகன் பிறந்த வருஷம் தன் கையால் வைத்த மரம் அது. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க தம்பி, கட்டையில பூச்சி கீச்சி ஏதாவது இருந்துதுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்கம்மா" என்றேன். "செரிங்க தம்பி" என்றார். அவ்வளவுதான் பேசினோம். அவர் இன்று இல்லை.

இப்போது பேத்தி சொல்லித்தான் தெரிகிறது. மரத்தில் இருக்கும் லைக்கன் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. அதற்கு உள்ளே போகும் வேர் இல்லை. பட்டையை உட்கார ஒரு திண்ணையாக வைத்துக்கொள்கிறது, சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்கிறது, தண்ணீரை மழையிலும் பனியிலும் எடுத்துக்கொள்கிறது. காற்றிலிருந்தே எல்லாம் எடுப்பதால் புகையும் நச்சும் அதிகமானால் பல வகை லைக்கன்கள் முதலில் மறைந்துவிடும். பாரிஸ் நகரத் தோட்டத்தில் இதை 1866-லேயே கவனித்து எழுதியிருக்கிறார்கள். தூசு புகையைத் தாங்கும் வகைகளும் உண்டு. அதனால் லைக்கன் இருந்தால் காற்று சுத்தம் என்று நாம் சான்றிதழ் எழுதிக் கொடுக்க வேண்டாம். மரத்துக்கு நோய் என்று எழுதவும் வேண்டாம்.

இதை ஏன் இன்று பேசுகிறேன் என்று சிலருக்குப் புரிந்திருக்கும். அடுத்த மாதப் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரல் வந்திருக்கிறது. 7-வது பொருள், சி பிளாக் பின்புறம் உள்ள நோயுற்ற மரங்கள் இரண்டை அகற்றுதல். ஒன்று அந்த மாமரம், இன்னொன்று புங்க மரம். வாட்ஸ்அப் குழுவில் போட்டோவும் பார்த்தேன். போட்டோவில் இருப்பது லைக்கன்.

மரத்தை வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புங்க மரத்தின் வேர் சம்ப்பை நோக்கிப் போகிறது என்று சி பிளாக்காரர்கள் சொல்வது உண்மையான கவலை. கார் நிறுத்த இடம் இல்லை என்பதும் உண்மை. அவற்றைப் பேசி, கை தூக்கி முடிவு செய்யுங்கள், பெரும்பான்மைக்கு நான் கட்டுப்படுவேன். ஆனால் "நோயுற்ற" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். லெட்ஜரில் தொகை சரியாக இருந்தால் மட்டும் போதாது, விவரம் என்ற பத்தியும் உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். மினிட் புத்தகத்துக்கும் அதே சட்டம்தான்.

நிஜமாகவே நோயா என்று பார்க்க வேண்டுமானால் பார்க்க வேண்டியவை வேறு. தண்டில் துளையும் அதிலிருந்து மரத்தூள் மாதிரிச் சக்கையும் விழுகிறதா? அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா? தட்டினால் பொந்துச் சத்தம் கேட்கிறதா? மேல் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்கின்றனவா? காய்ந்து வரும் மரத்தில் வெளிச்சம் கூடுதலாக விழுவதால் லைக்கன் அதிகம் தெரியலாம், ஆனால் காய்ச்சலுக்குக் காரணம் அது இல்லை. நம் ஊரிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்து வந்து காட்டி, எழுத்தில் ஒரு அபிப்பிராயம் வாங்குவோம். அதற்குச் செலவு ஏதாவது ஆனால் நான் தருகிறேன். 2014-க்கு என் பங்கு அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேத்தியின் புராஜெக்டில் கடைசி வரியை என்னை எழுதச் சொன்னாள். எத்தனை யோசித்தும் அறிவியலாக ஒன்றும் வரவில்லை. "இரண்டும் அவசரப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். டீச்சர் அதற்கு ஒரு டிக் போட்டிருக்கிறார்.

நாளைக் காலை ஏழு மணிக்கு சி பிளாக் பின்னால் பூதக்கண்ணாடியோடு நிற்பேன். பார்க்க ஆசை உள்ளவர்கள் வாருங்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்கள் நமக்குச் சொல்லித் தருவார்கள்.

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.